மாத்திரைக்கு வந்த இரண்டாவது வேலை

ஸ்டாக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், 19ஆம் நூற்றாண்டு முடியப்போகிற நேரம், ராபர்ட் டீகர்ஸ்டெட் என்ற உடலியல் பேராசிரியரும் பெர் பெர்க்மன் என்ற அவருடைய மாணவரும் முயல்களின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாற்றை வேறொரு முயலின் ரத்தத்தில் செலுத்தியதும் அதன் ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறியது. சிறுநீரகம் கழிவை வடிகட்டுகிற உறுப்பு, அவ்வளவுதான் என்று உலகம் நினைத்திருந்த காலம் அது. அது ரத்தத்துக்குள் எதையோ அனுப்பி உடம்பு முழுவதன் அழுத்தத்தையும் ஆட்டிவைக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிறுநீரகத்தின் இலத்தீன் பெயரிலிருந்து எடுத்து அந்தப் பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். 1898இல் கட்டுரை வெளிவந்தது. சிலர் செய்து பார்த்தார்கள், சரியாக வரவில்லை. டீகர்ஸ்டெட் ஹெல்சிங்கிக்குப் போய்விட்டார். கட்டுரை நூலக அலமாரியில் தூங்கியது.

அதை எழுப்ப 36 ஆண்டுகளும் சில நாய்களும் தேவைப்பட்டன.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். உயர் ரத்த அழுத்தத்தால் இறந்தவர்களின் உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது, பலருக்குச் சிறுநீரகத்துக்குப் போகிற தமனி தடித்துச் சுருங்கியிருப்பதைக் கண்டார். அழுத்தத்தால் தமனி கெட்டதா, தமனி கெட்டதால் அழுத்தம் வந்ததா? வெள்ளியில் சின்னஞ்சிறு இடுக்கி ஒன்றைச் செய்து, நாய்களின் சிறுநீரகத் தமனியில் மாட்டி, ரத்த ஓட்டத்தைக் கொஞ்சமாக நெருக்கினார். அழுத்தம் ஏறியது, ஏறியது இறங்கவில்லை. 1934இல் அவர் இதை வெளியிட்டதும் டீகர்ஸ்டெட்டின் பழைய கட்டுரையை உலகம் தேடியெடுத்தது. ரத்தம் போதாமல் தவிக்கிற சிறுநீரகம் ஏதோ ஒரு சேதியை அனுப்புகிறது. அந்தச் சேதி எது?

இங்கே கதை இரண்டு கண்டங்களில் ஒரே நேரத்தில் நடந்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ் குழுவும், அர்ஜென்டினாவின் புவேனஸ் அயர்ஸில் எட்வார்டோ பிரவுன் மெனெண்டஸ் குழுவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. ரெனின் நேரடியாக ரத்தக்குழாயை இறுக்குவதில்லை. ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டிலிருந்து வருகிற சிறு மூலக்கூறுதான் குழாய்களைப் பிடித்து இறுக்குகிறது. பேஜ் அதற்கு 'ஆஞ்சியோடோனின்' என்று பெயர் வைத்தார். அர்ஜென்டினாக்காரர்கள் 'ஹைப்பர்டென்சின்' என்றார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு வீட்டில் இரண்டு பெயர் வைத்த கதையாக, ஏறத்தாழ 20 ஆண்டுகள் மருத்துவ நூல்கள் இரண்டு பெயர்களோடும் ஓடின. 1958இல் பேஜும் பிரவுன் மெனெண்டஸும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் பெயரில் முன்பாதி, இவர் பெயரில் பின்பாதி: 'ஆஞ்சியோடென்சின்'. விஞ்ஞானத்தில் இவ்வளவு பெருந்தன்மையான சமரசம் அபூர்வம் என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே பிரவுன் மெனெண்டஸ் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பாதிப் பெயர் கொடுத்த ஹார்மோன், பிறகு மருந்து ஆய்வாளர்கள் குறிவைக்கிற இலக்காக மாறியது.

எட்டே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. செல்லின் மேல் இருக்கிற ஒரு பூட்டில் சாவியைப் போலப் போய் நுழையும், ரத்தக்குழாய் சுருங்கும், உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். பூட்டின் துவாரத்தை அடைத்துவிட்டால் போதுமே? 1970களின் தொடக்கத்தில் சாவியைப் போலவே ஒரு போலிச் சாவி செய்தார்கள். 'சராலசின்' என்பது அதன் பெயர். அதை ஊசியில்தான் ஏற்ற முடியும், வாயால் விழுங்கினால் செரித்துவிடும். அதைவிட மோசம், சில வேளை போலிச் சாவியே பூட்டைத் திறந்துவிட்டது. அழுத்தத்தைக் குறைக்கப் போன மருந்து அழுத்தத்தை ஏற்றியது.

பூட்டை விட்டுவிட்டுச் சாவி செய்கிற பட்டறையை மூடலாம் என்ற யோசனை ஒரு பாம்பிலிருந்து வந்தது. பிரேசிலின் ஜராராக்கா என்ற விரியன் வகைப் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சரியும். அந்த விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேரா என்ற இளம் விஞ்ஞானி, 1960களில் அதை லண்டனில் ஜான் வேன் நடத்திய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அதில் இருந்த பொருள், ஆஞ்சியோடென்சினை உருவாக்குகிற நொதியையே முடக்கியது. அதைப் பார்த்து வேதியியலாளர்கள் செய்த 'கேப்டோப்ரில்' மாத்திரை 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மகத்தான வெற்றி. ஆனால் அந்தக் குடும்பத்து மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களில் பலருக்கு ஒரு வறட்டு இருமல் வந்தது. முடங்கிய நொதிக்கு வேறொரு பொருளைச் சிதைக்கிற வேலையும் இருந்தது. அந்தப் பொருள் தேங்கி இருமலைக் கிளப்பியது. ஆக, பட்டறையை மூடினால் தெருவே இருமுகிறது. பூட்டைத்தான் அடைக்க வேண்டும். எதைக்கொண்டு அடைப்பது?

விடை ஒசாகாவில் ஒரு கோப்புக்குள் கிடந்தது. ஜப்பானின் டகேடா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் வேறு வேலையாகச் செய்து வைத்திருந்த சில சிறு மூலக்கூறுகள், ஆஞ்சியோடென்சினின் பூட்டை லேசாக அடைப்பதாகத் தெரிந்தது. அவை புரதச் சங்கிலிகள் அல்ல, அதனால் வயிற்றில் செரித்துப்போகாது. ஆனால் வலு மிகக் குறைவு. காப்புரிமைகளைப் பதிவு செய்துவிட்டு நிறுவனம் அவற்றை ஓரங்கட்டியது. 1982இல் வெளியான அந்தக் காப்புரிமைகளை உலகின் இன்னொரு மூலையில் சிலர் கவனமாகப் படித்தார்கள்.

அவர்கள் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இருந்த டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். 1802இல் வெடிமருந்துத் தூள் தயாரிக்கத் தொடங்கி, பிறகு நைலானால் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது; மருந்துத் துறையில் புதிது. ஜான் டன்சியா, டேவிட் கரினி முதலிய வேதியியலாளர்கள் டகேடாவின் மூலக்கூறை ஆஞ்சியோடென்சினின் வடிவத்தோடு கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் நீட்டினால் பூட்டுக்குள் இன்னும் நன்றாக உட்காரும் என்று கணக்குப் போட்டு, ஒரு வாலை ஒட்டினார்கள். வலு பத்து மடங்கு கூடியது. இன்னொன்றை ஒட்டினார்கள், மறுபடி கூடியது. ஆனால் ஊசியில் ஏற்றினால்தான் வேலை செய்தது; வாய்வழி கொடுத்தால் ரத்தத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. சராலசினைக் கவிழ்த்த அதே இடம்.

அமிலத் தொகுதி இருந்த இடத்தில் நான்கு நைட்ரஜன் அணுக்களும் ஒரு கார்பன் அணுவும் கைகோத்த ஒரு வளையத்தை வைத்துப் பார்த்தார்கள். டெட்ரசோல் என்று பெயர். அதே இன வளையங்கள் வெடிபொருள் வேதியியலிலும் புழங்குகிறவை என்பதால், வெடிமருந்தில் பிறந்த நிறுவனத்துக்கு அது பொருத்தமாகவே வாய்த்தது. 1986இல் அந்த வளையத்தோடு உருவான மூலக்கூறுக்கு 'டியூபி 753' என்று எண் கொடுத்தார்கள். எலிக்கு வாயில் கொடுத்தார்கள். அழுத்தம் இறங்கியது. இருமலைக் கிளப்புகிற பொருளை அது தொடவில்லை. மெர்க் நிறுவனத்தோடு கைகோத்து மனிதச் சோதனைகளை முடித்து, 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். பூட்டை அடைக்கிற வகையில் உலகின் முதல் மாத்திரை. கோப்பை ஓரங்கட்டிய டகேடா மனம் பதறித் திரும்பி வந்து, அதே குடும்பத்தில் ஒரு மாத்திரையைச் செய்து பின்னாலேயே சந்தைக்கு வந்தது.

இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் அதே டெலவேர் மாநிலத்தில், டூபாண்ட் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து ஊரில், 1974இல் படித்த ஒரு மாணவர்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் முடித்துவிட்டு டெலவேர் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் ராகேஷ் ஜெயின். குழாய், அழுத்தம், ஓட்டம் இவைதான் அவருக்குப் பாடம். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பியத்ரோ குல்லினோ என்ற ஆய்வாளர், விலங்கின் உடம்போடு ஒரே ஒரு தமனியாலும் ஒரே ஒரு சிரையாலும் மட்டும் இணைந்திருக்கிற புற்றுக்கட்டியை வளர்க்கும் வித்தையைக் கைவசம் வைத்திருந்தார். உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய். பொறியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தமனி வழியே மருந்தைச் செலுத்தி, சிரை வழியே எவ்வளவு வெளியே வருகிறது என்று ஜெயின் அளந்தார். செலுத்திய மருந்தில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிட்டது. தங்கிய கொஞ்சமும் கட்டி முழுக்கப் பரவாமல், சில இடங்களுக்குப் போய், சில இடங்களை எட்டவே இல்லை.

மருத்துவ உலகம் அப்போது இன்னும் வலுவான விஷம் எது என்று தேடிக்கொண்டிருந்தது. விஷம் போய்ச் சேருகிறதா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்த எளிய கேள்வியைக் கேட்க ஒரு பொறியாளர் வர வேண்டியிருந்தது. ஜெயின் அதை விடவில்லை. பிறகு பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் தலைவராக, பல ஆண்டுகள் ஒரே கேள்வியைத் துளைத்தார்: கட்டிக்குள் மருந்து ஏன் நுழைவதில்லை?

கட்டிக்குள் புற்றணுக்கள் மட்டும் இருப்பதில்லை. தழும்புத் திசுவை நெய்கிற நார்ச்செல்களும் அங்கே குடியேறி, கொலாஜன் என்ற உறுதியான நாரைக் கட்டுக்கட்டாக உற்பத்தி செய்கின்றன. புற்றணுக்கள் பெருகப் பெருக இடம் போதாமல் நெருக்கும். நார் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ரத்தக்குழாய்கள் நசுங்கிப் போகும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைக் காலால் மிதித்தால் எப்படி இருக்கும், அப்படி. குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. கணையப் புற்றில் இது உச்சம். அந்தக் கட்டியில் புற்றணுக்களைவிட நார்த்திசுதான் அதிகம். கையில் தொட்டால் கல்லாக இருக்கும். கீமோ மருந்து கையின் சிரையில் ஏறுகிறது, உடம்பெல்லாம் சுற்றுகிறது, முடியைக் கொட்டச் செய்கிறது, வாயைப் புண்ணாக்குகிறது. போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போவதில்லை.

அப்படியானால் அந்த நார்ச் சுவரை இடித்துவிட்டால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றிய யோசனை அதுதான். 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், நார்த்திசுவை வளர்க்கும் ஒரு சமிக்ஞையை அறுக்கிற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சுவர் கரைந்தது, ரத்தக்குழாய்கள் கூடின, கீமோ உள்ளே பாய்ந்தது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. உற்சாகமாக மனிதச் சோதனை தொடங்கியது. 2012இல் அதை அவசரமாக நிறுத்தினார்கள். சுவரை இடிக்கும் மருந்தைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சீக்கிரம் இறந்துகொண்டிருந்தார்கள். மருந்தைத் தடுத்த சுவர், புற்றையும் ஓரளவு கட்டிப்போட்டிருந்தது. வேலியைப் பிடுங்கியதும் உள்ளே இருந்தது வெளியே பாய்ந்துவிட்டது.

அந்த அடி விழுவதற்கு முன்பே பாஸ்டனில் வேறொரு வழி யோசித்திருந்தார்கள். சுவரை இடிக்காமல் இறுக்கத்தை மட்டும் தளர்த்த வேண்டும். கொலாஜனை அரிக்கிற நொதிகளை எலிகளின் கட்டிக்குள்ளேயே செலுத்திப் பார்த்திருந்தார்கள். மனிதர்களுக்கு அதைக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. ஏற்கெனவே மனிதர்கள் சாப்பிடுகிற, ஆபத்து குறைந்த, கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிற ஒரு மருந்து எங்காவது இருக்குமா?

இருந்தது. டூபாண்டின் மாத்திரை பல ஆண்டுகளாகக் கடைகளில் இருந்தது. சிறுநீரகத்திலும் இதயத்திலும் தழும்பு விழுவதை அது குறைப்பதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹால் டீட்ஸ் குழு இன்னொரு வியப்பைக் காட்டியது. மார்ஃபன் என்ற பிறவி நோயில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்கி ஒருநாள் வெடித்துவிடும். அந்த நோய் உள்ள எலிகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தபோது வீக்கம் நின்றது. ஆஞ்சியோடென்சினின் பூட்டை அடைத்ததும், தழும்பை நெய்யச் சொல்லித் தூண்டுகிற டி.ஜி.எஃப். பீட்டா என்ற சமிக்ஞையும் தணிந்திருந்தது. மனிதர்களில் பின்னால் நடந்த பெரிய சோதனையில் அந்த மாத்திரை பழைய மருந்தைவிடச் சிறப்பாக எதையும் செய்துவிடவில்லை. ஆனால் பாஸ்டனுக்கு வேண்டிய துப்பு அதற்குள் கிடைத்துவிட்டது: கட்டிக்குள் நார் நெய்கிற செல்களின் மேலும் இதே பூட்டு உண்டு.

இந்த இடத்தில் கதை அபாயகரமாக வளைந்தது. 2010இல், பல சோதனைகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, இந்தக் குடும்பத்து மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் சற்றே கூடுதலாக வந்திருப்பதாகச் சொன்னது. புற்றுக்கு எதிராக ஆள்சேர்க்கப் போன மருந்தே குற்றவாளிக் கூண்டில் ஏறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னும் பெரிய கணக்கைப் போட்டு, 2011இல் அப்படி ஒரு ஆபத்துக்குச் சான்று இல்லை என்று விடுவித்தது. (2018இல் மறுபடி ஒரு பீதி: இதே குடும்பத்துச் சில மாத்திரைகளில் புற்றைத் தூண்டக்கூடிய மாசு கலந்திருந்ததாகத் தொகுதி தொகுதியாகத் திரும்பப் பெற்றார்கள். அது தயாரிப்பில் நேர்ந்த கோளாறு, மூலக்கூறின் குற்றம் அல்ல.)

விடுதலை கிடைத்த அதே 2011இல் ஜெயின் குழுவின் முதல் கட்டுரை வெளிவந்தது. நான்கு வகை எலிக் கட்டிகளில், ரத்த அழுத்தத்தைப் பெரிதாகக் குறைக்காத அளவிலேயே, அந்த மாத்திரை மருந்து கொலாஜனைக் குறைத்திருந்தது. வழக்கமாக வாசலிலேயே நின்றுவிடும் நுண்துகள் மருந்துகள் உள்ளே ஆழமாகப் போயிருந்தன. 2013இல் விகாஸ் சவுகான் முதல் ஆசிரியராக வந்த இரண்டாவது கட்டுரை இன்னும் துணிந்து பேசியது. மாத்திரை மருந்து புற்றைக் கொல்லவில்லை. நசுங்கிய ரத்தக்குழாய்களைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். திறந்த வழியில் கீமோவும் ஆக்சிஜனும் உள்ளே போயின. மார்பகப் புற்றும் கணையப் புற்றும் உள்ள எலிகள் கீமோவோடு சேர்த்து இதைப் பெற்றபோது கூடுதல் காலம் வாழ்ந்தன. உடம்பின் குழாய்களில் அழுத்தத்தை இறக்கப் பிறந்த மருந்து, கட்டிக்குள் குழாயை நெரித்த அழுத்தத்தை இறக்கியிருந்தது. ஆனால் எலியில் ஜெயித்து மனிதரில் தோற்ற மருந்தின் நினைவு இன்னும் பச்சைக் காயமாக இருந்தது.

2013 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மனிதச் சோதனை தொடங்கியது. எடுத்துக்கொண்டவர்கள் எளிதான நோயாளிகள் அல்லர். கணையப் புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை, ஆனால் பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டதால் கத்தி வைக்க முடியாது என்ற நிலையில் இருந்தவர்கள். கணையப் புற்றில் வெட்டி எடுக்க முடிந்தால்தான் நீண்ட வாழ்வுக்கு வழி. முடியாது என்பது பாதித் தீர்ப்பு. 49 பேர் சேர்ந்தார்கள். நான்கு மருந்துகள் கூடிய கடுமையான கீமோ, பிறகு கதிர்வீச்சு. அவற்றோடு தினமும் ஒரே ஒரு மாத்திரை, முதலில் 25 மில்லிகிராம், தாங்கினால் 50.

ஐந்து ஆண்டுகள் போல ஓடிய அந்தச் சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. கத்தி வைக்க முடியாது என்று சொல்லப்பட்ட 49 பேரில் 42 பேரை அறுவை மேசைக்குக் கொண்டுபோக முடிந்திருந்தது. அவர்களில் சிலருக்கு, திறந்து பார்த்தும் வெட்டி எடுக்க இயலவில்லை. ஆனால் மொத்தம் 49 பேரில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் கட்டி முழுதாக வெளியே வந்தது. வெட்டிய விளிம்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது ஒரு புற்றணுகூட இல்லை. சேர்ந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.4 மாதங்கள். இந்த நோயின் கொடூரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் எடை தெரியும்.

ஆனால் அது ஒரே குழுவை வைத்து நடந்த சோதனை. மாத்திரை இல்லாமல் இதே கீமோவும் இதே கதிர்வீச்சும் பெற்ற இன்னொரு குழு பக்கத்தில் இல்லை. வெற்றியில் எவ்வளவு பங்கு கீமோவுக்கு, எவ்வளவு மாத்திரைக்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்று பேருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் கீமோவைப் பாதியில் விட நேர்ந்தது. மாத்திரையோடு ஒரு குழு, மாத்திரை இல்லாமல் ஒரு குழு என்று சீட்டுப் போட்டுப் பிரித்து, நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்த்துப் பார்க்கிற அடுத்த சோதனையைத் தொடங்கினார்கள். புற்றுக்கான வழக்கமான சிகிச்சைப் பட்டியலில் மாத்திரை இன்னும் ஏறவில்லை. இன்னொரு தடையும் இருக்கிறது. அதன் அமெரிக்கக் காப்புரிமை 2010இலேயே காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விலை மிகக் குறைவு. கோடிகளைக் கொட்டிப் பெரிய சோதனை நடத்தினால் லாபம் யாருக்கும் இல்லை என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு அதில் அவசரமில்லை. நோயாளிக்கு நல்லதான மலிவு விலையே ஆராய்ச்சிக்குப் பாதகமாகிவிடுவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

முயலின் சிறுநீரகத்தில் தொடங்கி, வெள்ளி இடுக்கி, பாதிப் பெயர், பாம்பு விஷம், ஒசாகா கோப்பு என்று ஒரு நூற்றாண்டைக் கடந்து பாஸ்டனின் புற்றுநோய் வார்டுக்குப் போன அந்த மாத்திரை, எந்த ஊரின் தெருமுனை மெடிக்கலிலும் கிடைப்பதுதான். அறுபதைக் கடந்த அப்பாக்களின் மாத்திரை டப்பாவில், சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில், 'பிரஷர் மாத்திரை' என்ற ஒற்றைப் பெயரில் கிடப்பது. லோசார்ட்டான், 50 மில்லிகிராம். இன்று சாயங்காலமும் யாரோ ஒருவர் பழைய சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டுகிறார். அவர் அலமாரியில் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து, கத்தரியால் பத்து மாத்திரை வெட்டி, காகித உறையில் போட்டு, மேலே 'காலை 1' என்று எழுதித் தருகிறார்.